யன்னாகிஸ்: 1987-க்கும் 2005-க்கும் நடுவில் ஒரே ஆள்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கிரேக்கக் கூடைப்பந்தைப் பற்றி எதைப் படித்தாலும், 1987-ல் தேசிய அணியின் கேப்டனாகவும் 2005-ல் பயிற்சியாளராகவும் இருந்த பனயோட்டிஸ் யன்னாகிஸின் பெயர் வந்துவிடுகிறது என்கிறீர்கள். ஆனால் 1987-ல் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர் நிகோஸ் காலிஸ் என்றும், 2005-ல் வென்று தந்தவர்கள் பபலூகாஸும் தியமான்டிடிஸும் என்றும்தான் எழுதியிருக்கிறார்கள், அப்படியிருக்க இவருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கிறீர்கள். இது வெளிப்படையான கேள்வி. நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராகவும் வருவார் என்பதற்கு இவரைச் சான்றாகக் காட்டலாமா என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி. எந்த ஆட்டத்தைப் பார்த்தால் விளங்கும் என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விக்குக் கடைசியிலேயே வருகிறேன்.

பள்ளி, கல்லூரி அணிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பது என் தொழில். எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. ஆட்டப் பதிவுகளையும் புள்ளி விவரங்களையும் வைத்தே பேசுகிறேன். ஆகவே ஓய்வறையில் யார் யாரிடம் என்ன சொன்னார், பயிற்சி முகாமில் யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. கோர்ட்டில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவுதான் போவேன்.

முதலில், உறுதியாகத் தெரிந்தவை. யன்னாகிஸ் 1959 ஜனவரி 1 அன்று ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு அருகிலுள்ள நிகேயாவில் பிறந்தவர். அந்த ஊரின் யோனிகோஸ் என்ற சிறிய கிளப்பில் ஆடத் தொடங்கினார். பதினேழு வயதில், 1976-ல், தேசிய அணிக்கு வந்துவிட்டார். இருபது ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், 37 வயதில் அந்தச் சட்டையைக் கழற்றியபோது 350-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார். பெரும்பாலான வீரர்களின் முழு ஆட்ட வாழ்வே பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். இவர் தேசிய அணியில் மட்டும் இருபது ஆண்டு இருந்தார், அதில் பெரும்பகுதி கேப்டனாக. ‘டிராகன்’ என்று ரசிகர்கள் வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இவரை வெறும் உழைப்பாளி, காலிஸின் நிழல் என்று நினைப்பவர்கள் 1981-ல் நடந்த ஒரு லீக் ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்க்க வேண்டும். நிகேயாவின் யோனிகோஸும் தெசலோனிகியின் ஆரிஸும் மோதின. ஆரிஸுக்காகக் காலிஸ் 62 புள்ளிகள் எடுத்தார். யோனிகோஸுக்காக யன்னாகிஸ் 73. ஆட்டம் 114-113 என்று ஒரே புள்ளியில் ஆரிஸுக்குப் போனது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சர்வதேச விதிகளில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1984-ல்தான். அதாவது இந்த 73-ம் இரண்டிரண்டாகவும், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் ஒன்றொன்றாகவும் சேர்த்தவை. தன் அணியின் மொத்தப் புள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஆள் எடுத்திருக்கிறார். அடுத்த ஆண்டு, 1982-ல், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ-வின் அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் ஒன்பதாவது சுற்றில், 205-ஆவது இடத்தில் இவரைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை பின்னால் எடுக்கப்படுபவர்களில் அநேகம் பேர் அங்கே ஆடுவதில்லை, இவரும் ஆடவில்லை. வேடிக்கை என்னவென்றால் மூன்றாண்டு முன்பு காலிஸையும் நான்காவது சுற்றில் அதே செல்டிக்ஸ்தான் எடுத்திருந்தது. பாஸ்டனில் சேராத இருவரும் தெசலோனிகியில் சேர்ந்தார்கள்.

1984-ல் யன்னாகிஸ் ஆரிஸுக்கு மாறினார். என் பதிலின் மையமே இங்கேதான் இருக்கிறது. காலிஸ் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பிறந்து, சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1979-ல் ஆரிஸுக்கு வந்தவர். பந்து கையில் இருந்தால் கூடைக்குப் போவார்; யாராலும் நிறுத்த முடியாது. யன்னாகிஸும் அதே ரகம்தான், 73 புள்ளி எடுத்தவர். இருவரும் பின்வரிசைக் கார்டுகள். இருவருக்கும் ஒரே பந்து. இரண்டு பெரிய பாடகர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்தால், ஒருவர் தம்புராவை எடுத்துக்கொண்டால்தான் கச்சேரி நடக்கும். யன்னாகிஸ் எடுத்துக்கொண்டார். பந்தை முன்னே கொண்டுபோவது, ஆட்டத்தின் வேகத்தை வைத்துக்கொள்வது, எதிரணியின் ஆபத்தான கார்டை மடக்குவது, காலிஸை இருவர் சூழ்ந்துகொள்ளும்போது வெளியே நின்று எறிவது என்று வேலைகள் மாறின. புள்ளிக் கணக்கு இறங்கியது. ஆரிஸ் 1985 முதல் 1991 வரை தொடர்ந்து ஏழு முறை கிரேக்கச் சாம்பியன் ஆனது.

இந்த மாற்றத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாக நினைக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதினான்கு வயதுப் பையனிடம்கூட ‘இன்று முதல் நீ எறிய வேண்டாம், பாஸ் கொடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அவன் மைதானத்துக்கு வருவான் என்று எதிர்பார்க்க முடியாது. அவன் அப்பாவும் சேர்ந்து வந்துவிடுவார். இருபத்தைந்து வயதில், நாட்டின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவராக இருக்கும்போது, இரண்டாவது இடத்தை ஏற்று எட்டு ஆண்டுகள் அதிலேயே நிற்பது அபூர்வம். யாராவது வற்புறுத்தி ஏற்றுக்கொண்டாரா, தானாகவே ஏற்றுக்கொண்டாரா என்று பதிவுகளில் தெரியாது. ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் ஒவ்வோர் ஆட்டத்திலும் தெரிகிறது.

1987 ஐரோப்பியக் கோப்பை கிரீஸில் நடந்தது. காலிஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 37 புள்ளிகள் எடுத்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவை 81-77 என்று வென்றார்கள். ஜூன் 14 அன்று பிரேயஸ் கடற்கரையை ஒட்டிய ‘அமைதி, நட்பு’ அரங்கில் சோவியத் யூனியனுடன் இறுதி ஆட்டம். நாற்பது நிமிடம் முடிந்தபோது 89-89. கூடுதல் நேரத்தில் 101-101 என்று இருக்கையில், சில நொடிகள் மீதமிருந்த நிலையில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனவர் காலிஸும் இல்லை, யன்னாகிஸும் இல்லை. அர்கீரிஸ் கம்பூரிஸ் என்ற மாற்று வீரர். இரண்டையும் போட்டார். 103-101. காலிஸ் மட்டும் அந்த ஆட்டத்தில் 40 புள்ளிகள். ஆகவே ‘1987 காலிஸுடையது’ என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோப்பையைத் தூக்கிய கேப்டன் யன்னாகிஸ், அவ்வளவே. ஆனால் ஒருவர் 37 புள்ளிச் சராசரி எடுக்க வேண்டுமானால் மற்ற நால்வரும் அதற்கு ஏற்ப ஆட வேண்டும், அந்த நால்வரில் ஒருவர் 73 புள்ளிக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஸாக்ரெபில் நடந்த 1989 ஐரோப்பியக் கோப்பையிலும் இதே அணி இறுதிக்கு வந்தது. டிராஜென் பெட்ரோவிச்சின் யூகோஸ்லாவியா 98-77 என்று அடித்துத் தீர்த்துவிட்டது.

காலிஸ் இல்லாமல் இவரால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. ஆரிஸ் 1988, 1989, 1990 என்று மூன்று முறை ஐரோப்பிய கிளப் சாம்பியன்ஷிப்பின் இறுதி நால்வரில் வந்து மூன்று முறையும் அரையிறுதியிலேயே தோற்றது. ஐரோப்பிய அளவில் அந்த கிளப் முதன்முதலாகக் கோப்பை வென்றது 1993-ல், டுரினில், துருக்கியின் எஃபெஸ் பில்சனை 50-48 என்று வென்று. காலிஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஏதென்ஸின் பெரிய கிளப்பான பனதினைகோஸுக்குப் போய்விட்டிருந்தார். கேப்டன் யன்னாகிஸ் இருந்தார். பிறகு அவரும் பனியோனியோஸ் வழியாகப் பனதினைகோஸுக்கு வந்து, 1996 ஏப்ரலில் பாரிஸில் பார்சிலோனாவை 67-66 என்று வென்ற அணியில் இருந்தார். ஒரு கிரேக்க கிளப் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை. கடைசி நொடிகளில் பார்சிலோனாவின் மோண்டெரோ எறிந்த பந்தைப் பனதினைகோஸின் வ்ரான்கோவிச் பலகையோரம் தட்டிவிட்டது சரியா தவறா என்று இன்றும் பார்சிலோனாக்காரர்கள் வாதாடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

இனிப் பயிற்சியாளர். ஆட்டத்தை நிறுத்திய மறு ஆண்டே, 1997-ல், தேசிய அணியின் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். கிளப் அணியில் ஒரு பருவம்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராதவருக்கு! அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் நான்காம் இடம். 1998-ல் ஏதென்ஸிலேயே நடந்த உலகக் கோப்பையில், அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் கூடுதல் நேரத்தில் 78-73 என்று தோற்று, மறுபடியும் நான்காம் இடம். இன்று பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். சொந்த ஊரில், 1987-ன் கேப்டனை வைத்துக்கொண்டு பதக்கம் இல்லை என்றால் அன்று எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இந்த இடத்தில் வர்ணனைக்கோ, சங்க நிர்வாகத்துக்கோ போய்விடுவார்கள். இவர் கிளப் அணிகளுக்குப் போய்த் தொழில் கற்றார். 2002 முதல் ஏதென்ஸின் வடக்குப் புறநகரான மரூசியின் அணியை நடத்தினார். பனதினைகோஸ், ஒலிம்பியாகோஸ் போலப் பணமும் இல்லை, கூட்டமும் இல்லை. 2004-ல் அந்த அணியைக் கிரேக்க லீக்கின் இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். லாரிஸாவிலிருந்து வந்த வசிலிஸ் ஸ்பனூலிஸ் என்ற இளைஞர் அந்த அணியில் வளர்ந்து கொண்டிருந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும். என்னைக் கேட்டால் யன்னாகிஸைப் பயிற்சியாளராக ஆக்கியது 1997-ம் 1998-ம் அல்ல, மரூசிதான். கையிருப்பில் உள்ளதை வைத்து ஆட்டம் கட்டுவது சின்ன அணியில்தான் பழகும். இது என் ஊகம். ஆனால் அவர் அணிகள் ஆடிய விதம் மரூசிக்குப் பிறகு வேறாக இருந்தது என்பது ஊகமல்ல.

2004-ல் தேசிய அணி மறுபடி அவர் கைக்கு வந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில், பிறகு தங்கம் வென்ற அர்ஜென்டினாவிடம் 69-64 என்று தோல்வி. அடுத்த ஆண்டு செர்பியா-மான்டினீக்ரோவில் ஐரோப்பியக் கோப்பை. அரையிறுதியில் பிரான்ஸிடம் கடைசி நிமிடத்தில் பின்தங்கியிருந்த ஆட்டம் அது. தோற்றாகிவிட்டது என்றே பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். நொடிகள் மட்டும் மீதமிருந்தபோது தியமான்டிடிஸ் எறிந்த மூன்று புள்ளி 67-66 என்று திருப்பியது. தியமான்டிடிஸ் எறிவதற்குப் பெயர் போனவர் அல்ல, மடக்குவதற்கும் பாஸ் கொடுப்பதற்கும் பெயர் போனவர். செப்டம்பர் 25 அன்று பெல்கிரேடில் நடந்த இறுதி ஆட்டம் அத்தனை சிரமமாக இல்லை: டிர்க் நோவிட்ஸ்கியின் ஜெர்மனியை 78-62 என்று வென்றார்கள். போட்டியின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் நோவிட்ஸ்கிக்குப் போனது. கிரீஸில் அந்த விருதுக்கு உரிய ஒற்றை ஆள் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அணியில் தியோடோரோஸ் பபலூகாஸ் எப்படிப் பயன்பட்டார் என்பதைப் பாருங்கள். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுகளில் ஐரோப்பாவின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். உயரமானவர், அவசரப்படாமல், ஏறத்தாழ நடந்துகொண்டே ஆட்டத்தைப் பிரித்துப்போடுவார். அவர் தொடக்க ஐவரில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு உள்ளே வருவார். மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப்பிலும் அவருக்கு அப்படித்தான் வழக்கம் என்பதால், இந்த யோசனைக்கான பெருமை முழுவதையும் யன்னாகிஸுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தேசிய அணியில், நாட்டுப் பத்திரிகைகள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கையில், முதல் ஆட்டக்காரரை உட்கார வைத்துவிட்டு ஆட்டம் தொடங்க ஒரு பயிற்சியாளருக்குத் தைரியம் வேண்டும். உட்காரச் சொல்பவர் ஒரு காலத்தில் தன் 73 புள்ளியைக் கட்டி ஓரத்தில் வைத்தவர் என்பது கேட்பவருக்கும் தெரியும். ‘அணிக்காக விட்டுக்கொடு’ என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லலாம். சொல்பவர் விட்டுக்கொடுத்தவராக இருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை கூடும்.

2006 செப்டம்பர் 1, ஜப்பானின் சைதாமா, உலகக் கோப்பை அரையிறுதி. எதிரே அமெரிக்கா: லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கார்மெலோ ஆன்டனி, பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கி. கிரீஸின் நிகோஸ் ஸிஸிஸ் தொடக்கக் குழுச் சுற்றில் பிரேசில் ஆட்டத்தில் முகத்தில் முழங்கை பட்டு எலும்பு முறிந்து வெளியே போயிருந்தார். இரண்டாம் கால் பகுதியில் கிரீஸ் 12 புள்ளிகள் பின்தங்கியது. பபலூகாஸ் உள்ளே வந்தார். கூடவே சோஃபோக்லிஸ் ஸ்கோர்ட்சனிடிஸ், மலை போன்ற உடம்புக்காரர். அதன் பிறகு கிரீஸ் செய்தது ஏறக்குறைய ஒரே வேலைதான். ஸ்கோர்ட்சனிடிஸ் மேலே வந்து பபலூகாஸைத் தடுப்பவரின் வழியில் நிற்பார். பபலூகாஸ் அவரை உரசிக்கொண்டு போவார். தடுப்பவர் பின்னால் சிக்கிக்கொள்ள, ஸ்கோர்ட்சனிடிஸைக் காவல் காக்கும் ஆள் பந்தை மறிக்க வெளியே வருவார். அந்த நொடியில் ஸ்கோர்ட்சனிடிஸ் திரும்பிக் கூடையை நோக்கி உருளுவார், பந்து அவர் கைக்கு வரும். இதைத்தான் பிக் அண்ட் ரோல் என்கிறோம். உதவிக்கு மூன்றாவது ஆள் வந்தால் மூலையில் ஸ்பனூலிஸோ காகியூஸிஸோ தனியாக நிற்பார்கள், பந்து அங்கே போகும். எந்தப் பள்ளி அணியும் செய்யும் அசைவுதான் இது. உலகின் வேகமான ஆட்கள் அதைத் திரும்பத் திரும்ப மறிக்கத் தெரியாமல் நின்றார்கள்.

பாதி ஆட்டத்தில் கிரீஸ் 45-41 என்று முன்னே. முடிவு 101-95. ஸ்பனூலிஸ் 22 புள்ளிகள். ஸ்கோர்ட்சனிடிஸ் 14. பபலூகாஸ் எடுத்தது எட்டே புள்ளிகள், ஆனால் கொடுத்த அசிஸ்ட் (நேராகக் கூடையில் முடிந்த பாஸ்) பன்னிரண்டு. கிரீஸ் எறிந்தவற்றில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கூடைக்குள் போயின. அப்படி ஒரு நாள் எந்த அணிக்கும் அடிக்கடி வராது. அமெரிக்கா ஃப்ரீ த்ரோவில் 34-க்கு 20 மட்டுமே போட்டது. இதில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், எறிதல் அத்தனை நன்றாக விழுந்தது அதிர்ஷ்டத்தின் பக்கம். எதிரணி மாற்றிக்கொள்ளாத வரை தானும் மாற்றாமல் ஒரே அசைவைப் பிடிவாதமாக ஆட வைத்தது பயிற்சியாளரின் பக்கம். புதிதாக எதையாவது காட்ட வேண்டும் என்ற ஆசை பயிற்சியாளர்களுக்கு உண்டு. வேலை செய்கிற ஒன்றை அலுக்கும்வரை செய்வது நான் பார்த்தவரை அனுபவசாலிகளுக்கே வருகிறது.

இந்த ஆட்டத்தை மட்டும் வைத்து யன்னாகிஸை மந்திரவாதி ஆக்குபவர்கள் அடுத்த இரண்டு தகவல்களைச் சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில், காயம்பட்ட பாவ் கசோல் ஆடாத ஸ்பெயினிடம் கிரீஸ் 70-47 என்று தோற்றது. நூற்றொரு புள்ளி எடுத்த அணி நாற்பத்தேழில் நின்றது. பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்கில் அதே யன்னாகிஸின் கிரீஸை அமெரிக்கா 92-69 என்று வென்றது. இந்த முறை பந்தைக் கொண்டுவருபவர் மேல் ஆரம்பத்திலிருந்தே நெருக்கடி. ஷிஷெவ்ஸ்கி சைதாமாவில் பட்டதை மறக்கவில்லை. அந்த ஒலிம்பிக்கின் காலிறுதியிலும் அர்ஜென்டினாதான் வழியை மறித்தது, 80-78. நடுவில் 2007 ஐரோப்பியக் கோப்பையில் நான்காம் இடம்.

பெருமையைப் பங்கு பிரிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசிய அணிப் பயிற்சியாளருக்கு ஆண்டில் சில வாரங்களே ஆட்கள் கிடைப்பார்கள். தியமான்டிடிஸைப் பனதினைகோஸில் நாள்தோறும் செதுக்கியவர் ஸெல்கோ ஒப்ராடோவிச். பபலூகாஸ் சிஎஸ்கேஏவில் எட்டோரே மெசினாவிடம் இருந்தார். மிகாலிஸ் காகியூஸிஸ் 1995-ல் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியிலிருந்து வந்தவர். இவர்கள் யாரையும் யன்னாகிஸ் ‘உருவாக்கினார்’ என்று சொல்வது மிகை. ஸ்பனூலிஸ் விஷயத்தில் மட்டும் ஓரளவு சொல்லலாம். இன்னொரு கோணத்தில் பார்த்தால் கதை மாறுகிறது. 1987 ஜூனில் பபலூகாஸுக்குப் பத்து வயது, தியமான்டிடிஸுக்கு ஏழு, ஸ்பனூலிஸுக்கு ஐந்துகூட ஆகவில்லை. கால்பந்தைத் தவிர வேறொன்றைத் திரும்பிப் பார்க்காத நாட்டில் அந்தக் கோடைக்குப் பிறகு தெருவுக்குத் தெரு கூடை முளைத்தது. அந்தத் தலைமுறையைத்தான் பதினெட்டு ஆண்டு கழித்துப் பயிற்சியாளர் யன்னாகிஸ் எடுத்து ஆண்டார். விதைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய வரம்புகள் கிளப் அளவில் தெரிகின்றன. 2008-ல் ஒலிம்பியாகோஸ் பெரும் பணத்தோடு அவரை அழைத்தது. பபலூகாஸ், பூரூசிஸ், ஜாஷ் சில்ட்ரெஸ் என்று ஆட்களுக்குக் குறைவில்லை. ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான யூரோலீகின் 2009 அரையிறுதியில் பனதினைகோஸிடம் 84-82 என்று தோல்வி. 2010-ல் பாரிஸில் இறுதிக்கு வந்து பார்சிலோனாவிடம் 86-68 என்று தோல்வி. கிரேக்கக் கோப்பை ஒன்று கிடைத்தது. லீக் பட்டம் கிடைக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளராக அவர் கிரேக்க லீக்கை வென்றதே இல்லை. எதிரே இருந்தவர் ஒப்ராடோவிச் என்பது நியாயமான சமாதானம்தான், ஆனாலும் அவருக்குப் பின் வந்த டுஷான் இவ்கோவிச் 2012-ல் அதே கிளப்புக்கு யூரோலீகை வென்று கொடுத்தார் என்பதும் பக்கத்திலேயே நிற்கிறது. பிறகு பிரான்ஸின் லிமோஜ், அதன் பின் சீன தேசிய அணி. 2013-ல் மணிலாவில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனா காலிறுதியில் சீன தைபேயிடம் தோற்று ஐந்தாம் இடத்துக்குப் போனது. சீனக் கூடைப்பந்து அதை எளிதில் மன்னிக்கவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராவார் என்ற பொது விதிக்கு யன்னாகிஸ் சான்றாக மாட்டார். அவர் காட்டுவது அதைவிடச் சிறிய, ஆனால் நம்பத்தகுந்த ஒரு விஷயம். ஆட்டக்காரராக இருக்கும்போதே மற்றவர்களுக்கு இடம் விட்டு ஆடியவர், குறுகிய காலத்துக்குக் கூடும் ஓர் அணியில் பன்னிரண்டு பேரையும் அவரவர் இடத்தில் உட்கார வைக்க முடிந்தது. ஒன்பது மாதம் நீளும் கிளப் பருவத்துக்கு வேறு திறமைகளும் வேண்டும். அங்கே அவர் நடுத்தரத்துக்குச் சற்று மேல். காலிஸ் பயிற்சியாளர் ஆகவே இல்லை. ஆகியிருந்தாலும் ‘நான் செய்ததைச் செய்’ என்பதைத் தவிர அவரால் என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். இதை நிரூபிக்க வழியில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஒரு திருத்தம். வீரராகவும் பயிற்சியாளராகவும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ‘ஒரே ஆள்’ யன்னாகிஸ் என்று நீங்கள் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1937-லும் 1939-லும் லிதுவேனியா வென்றபோது ஃபெலிக்ஸஸ் கிரியாவ்சியூனஸ், பிரானஸ் லுபினஸ் ஆகியோர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தவர்கள். அது ஐரோப்பாவில் கூடைப்பந்து குழந்தையாக இருந்த காலம், ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். மிகச் சிலரில் ஒருவர் என்று சொன்னால் சிக்கலே இல்லை. கேப்டனாகத் தூக்கிய கோப்பையைப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பயிற்சியாளராகவும் பெற்றார் என்பதே போதுமான பெருமை.

அவருடைய வழி தொடர்கிறதா என்றும் பார்க்கலாம். மரூசியில் அவரிடம் வளர்ந்த ஸ்பனூலிஸ் இப்போது பயிற்சியாளர். 2025-ல் மொனாக்கோ அணியை யூரோலீக் இறுதிவரை கொண்டுபோனார். அதே ஆண்டு கிரேக்க தேசிய அணிக்கு ஐரோப்பியக் கோப்பையில் வெண்கலம் வாங்கித் தந்தார். 2009-க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. யன்னாகிஸிடமிருந்து என்ன கற்றார், ஒப்ராடோவிச்சிடமிருந்தும் இவ்கோவிச்சிடமிருந்தும் என்ன கற்றார் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது வீண் வேலை.

எதைப் பார்ப்பது? 1987 இறுதியிலிருந்து தொடங்காதீர்கள். கண் தானாகக் காலிஸ் பின்னால் போய்விடும். முதலில் சைதாமா ஆட்டத்தின் இரண்டாம், மூன்றாம் கால் பகுதிகளைப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு ஸ்கோர்ட்சனிடிஸைக் காவல் காக்கும் அமெரிக்க வீரரை மட்டும் கவனியுங்கள். அவர் எத்தனை முறை பாதியில் நின்று யோசிக்கிறார் என்று எண்ணினாலே போதும். அடுத்து 2008 பெய்ஜிங்கில் அதே இரு அணிகள் மோதியது. அதே அசைவு ஏன் இப்போது எடுபடவில்லை என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரியும். அதற்குப் பிறகு 1987-க்கு வாருங்கள். அப்போது காலிஸிடம் பந்து போன பிறகு கேப்டன் எங்கே போய் நிற்கிறார், எதிரணி பந்தைப் பிடித்ததும் யாரைத் தேடி ஓடுகிறார் என்று பாருங்கள். மூன்றையும் பார்த்துவிட்டு வேறு விதமாகத் தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.